தேய்வதற்கென்றே ஒரு பாகம்

வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கும்போது காரின் முன்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். டேஷ்போர்டுக்குள் ஏதோ உருளுகிறது என்று ஓட்டுபவர் முதலில் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வார். சில வாரம் கழித்துப் பிரேக் பிடித்தால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகும். கடைசியில் மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்கும் அது பூட்டியிருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு லிவரைக் கொடுத்து நெம்பிக் காட்டுவார். கொஞ்சமே அசைய வேண்டிய இடம் தாராளமாக ஆடும். "புஷ் போயிருச்சு சார்" என்பார். அத்தோடு நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

புஷ் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு சிறிய இரும்புக் குழல், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே இன்னொரு இரும்புக் குழல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சிறிய கார் என்றால் விலை சில நூறு ரூபாய்தான். உள்குழல் வழியாகப் போகும் போல்ட் வண்டியின் சட்டத்தைப் பிடித்திருக்கும். வெளிக்குழல் ஆர்முக்குள் இறுகியிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஆர்ம் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை. இரண்டு குழல்களோடும் ஒட்டிப்போயிருக்கும் ரப்பர் தனக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு, மறுபடி அவிழ்கிறது. சாலையின் அடியும் அதிர்வும் ஓசையும் உட்கார்ந்திருப்பவரை எட்டுவதற்கு முன் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்கிறது. இப்படி லட்சக்கணக்கான முறை முறுக்கியபின் ஒருநாள் ரப்பரில் விரிசல் விழும். இல்லையென்றால் இரும்பை விட்டுப் பிய்ந்துவரும்.

அந்த ரப்பரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கெட்டுப்போன பாகம் என்றா, வேலையை முடித்த பாகம் என்றா? கிழிந்ததே அது வேலை செய்ததற்கு அத்தாட்சி. கிழியாமல் இருக்க வேண்டுமென்றால் அது முறுக்கிக்கொள்ளாமல் இருந்திருக்க வேண்டும். முறுக்கிக்கொள்ளாத புஷ்ஷுக்குக் காரில் இடமே இல்லை. தேய்மானம் ஒரு பொருளின் குறையா, அதன் கடமையா என்ற கேள்வியை மெக்கானிக் ஷெட் கேட்பதில்லை. சமயங்களும் தத்துவங்களும் வேறு பெயர்களில் கேட்டிருக்கின்றன.

மேற்கில் இந்தக் கேள்வி ஒரு கப்பலில் ஏறி வந்தது. தீசியஸ் என்ற வீரன் ஏறித் திரும்பிய முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் பாதுகாத்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பலகை மட்கினால் எடுத்துவிட்டுப் புதுப்பலகை பொருத்துவார்கள். எல்லாப் பலகையும் மாறிய பின்னும் அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்களாம். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் அதில் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழித்துப்போட்ட பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

ஹாப்ஸ் கற்பனையில் செய்ததைச் சென்னைப் புதுப்பேட்டை நடைமுறையில் செய்கிறது. பழைய வண்டிகள் அங்கே அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிகின்றன. ஒன்றின் கதவு இன்னொன்றுக்குப் போகும்; அதன் கியர்பாக்ஸ் மூன்றாவது வண்டிக்குப் போகும். அரசாங்கம் இந்தப் புதிருக்குத் தன் வழியில் விடை எழுதிவைத்திருக்கிறது. இரும்பில் அடித்த சேஸிஸ் எண் எதுவோ அதுதான் வண்டி. கதவும் இருக்கையும் எத்தனை மாறினாலும் கவலையில்லை. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். புஷ் மாற்றியதை யாரும் எங்கும் பதிவதில்லை. அடையாளத்தைப் பற்றிய வழக்கில் புஷ் ஒரு சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

ஆனால் கப்பல் புதிரில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது எல்லாப் பலகைகளையும் ஒரே தராசில் வைக்கிறது. கப்பலின் பலகை மட்கியது விபத்து. அதைச் செதுக்கிய தச்சர் அது மட்கக் கூடாது என்றே விரும்பியிருப்பார். புஷ்ஷை வரைந்த பொறியாளர் அப்படி விரும்பவில்லை. மற்ற பாகங்கள் நீடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு பாகம் தேயட்டும் என்று தெரிந்தே அதை வைத்தார். உருவத்தில் சிறியதை எள்ளாதே என்று தேரின் அச்சாணியைக் காட்டினார் வள்ளுவர். அந்த அச்சாணி சிறியது, ஆனால் உறுதியானது. சிறியதாகவும் மென்மையாகவும் அழியக்கூடியதாகவும் இருப்பதாலேயே தேவைப்படும் ஒன்றுக்குத் தத்துவத்தில் என்ன இடம் என்பதைத் தீசியஸின் கப்பல் சொல்லாது.

ரப்பர் ஏன் அழிகிறது என்று பார்த்தால் சங்கதி இன்னும் சுவாரஸ்யமாகிறது. மரத்திலிருந்து வடியும் பால் உறைந்தால் அதற்குள் நீண்ட நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சுருண்டு கிடக்கும். அந்த நிலையில் அது கோடையில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார். 1844இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கந்தகம் சங்கிலிகளுக்கு நடுவே அங்கங்கே பாலம் போடுகிறது. பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதி அசையலாம்; பாலம் இருப்பதால் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். ரப்பரின் நெகிழ்வு இவ்வளவுதான். அந்தச் சங்கிலிகளில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளில்தான் காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் வந்து கடிக்கின்றன. எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், வெயிலும் எஞ்சின் சூடும் நாளடைவில் விறைக்கவைக்கும். எந்த மூலக்கூறு அதை மென்மையாக வைத்திருக்கிறதோ, அதுவேதான் அழிவுக்கும் கதவு திறந்துவிடுகிறது. நெகிழ்வை வைத்துக்கொண்டு அழிவை மட்டும் தனியே கழித்துவிட முடியாது.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் ரப்பர் விட்டுக்கொடுக்காமல் நின்றால் என்ன ஆகும் என்பதை 1986 ஜனவரி 28 அன்று உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73 விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய குளிரில் விறைத்துப்போனதால், திறந்த இடைவெளியை உடனே நிரப்ப முடியவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கி, ஐஸ் தண்ணீர்த் தம்ளரில் போட்டு எடுத்து, அது பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாததை எல்லார் கண்முன்னும் காட்டினார். எஃகு அன்றைக்குத் தன் உறுதியை இழக்கவில்லை. மென்மை காணாமல் போனதுதான் பிரச்சினை.

காரையும் ராக்கெட்டையும் விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக் கோயிலின் கருவறைக்குள் வந்தால், அங்கேயும் இரண்டு கடினப் பொருள்களுக்கு நடுவே ஒரு மென்மையான பொருள் இருக்கிறது. மூலவரின் கற்சிலை ஒரு கல். அது நிற்கும் பீடம் இன்னொரு கல். இரண்டுக்கும் இடையிலான சந்தை நிரப்பிப் பிடித்திருப்பது அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்குலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்குகள். இவற்றைச் சூடாக்கி, ஆட்கள் மாற்றி மாற்றி இடித்து, மெழுகுபோல் இளகிய பதத்துக்குக் கொண்டுவந்து சந்தில் அடைப்பார்கள். வைக்கும்போது இளகியிருக்கும், பிறகு இறுகும். அபிஷேகத் தண்ணீர் பீடத்துக்குள் இறங்காமல் அதுதான் தடுக்கிறது. சிலை ஆடாமல் நிற்பதும் அதனால்தான். அரக்கும் மெழுகும் வெண்ணெயும் சேர்ந்த அந்தக் கலவை ஆண்டுகள் போகப் போக வறண்டு வெடிக்கும்.

ஆகம மரபு அதற்குப் பன்னிரண்டு ஆண்டு என்று கெடு வைத்தது. கெடு முடிந்ததும் சிலையில் இருக்கும் தெய்வ ஆற்றலை முறைப்படி வேறிடத்துக்கு மாற்றி, பாலாலயம் அமைத்து, அங்கே வழிபாடு நடக்கவிட்டுத் திருப்பணி செய்வார்கள். பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துப் புதியதைச் சாத்துவார்கள். யாகசாலையில் பூசிக்கப்பட்ட கும்பங்களின் நீரைக் கொண்டு குடமுழுக்கு செய்து, ஆற்றலை மறுபடி மூலவரிடம் சேர்ப்பார்கள். லட்சம் பேர் கூடும் விழாவாக ஊர் பார்க்கும் கும்பாபிஷேகத்தின் நடுவில், ஒட்டுப்பொருள் ஒன்றை மாற்றும் பராமரிப்பு வேலை இருக்கிறது. என்றும் அழியாததாகக் கருதப்படும் ஒன்றை நிறுத்திவைப்பதற்கு, நிச்சயம் அழியும் ஒன்றை மரபு தேர்ந்தெடுத்திருக்கிறது. அதோடு, அது அழியும் தேதியையும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது.

இந்தத் தேதிதான் முக்கியமான தத்துவச் செய்தி. கார் ஓட்டுபவருக்குத் தன் வண்டியின் புஷ் போனது ஏன் தெரிவதில்லை? தினமும் ஒரு மயிரிழை அளவுக்கு ஸ்டீயரிங் மாறுகிறது. தினமும் அவர் கை அதே அளவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மாற்றமும் திருத்தமும் சமமாகப் போவதால் எதுவும் மாறவில்லை என்றே அவருக்குப் படும். மைத்துனர் ஒருநாள் வண்டியைக் கடன் வாங்கி, முதல் வளைவிலேயே "என்ன மாப்ளே, வண்டி இப்படி அலையுது?" என்று கேட்பார். நாள்தோறும் சிலையைத் தொட்டு அலங்காரம் செய்யும் அர்ச்சகருக்கும் இதே சிக்கல் வரக்கூடும். அதனால்தான் மரபு கண்ணை நம்பாமல் பஞ்சாங்கத்தை நம்பியது. 'ஆடினால் சரி செய்' என்று சொல்லவில்லை. 'ஆடுகிறதோ இல்லையோ, பன்னிரண்டாம் ஆண்டில் திற' என்று சொன்னது. தன் தேய்மானத்தைத் தானே உணர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையை அது அடிப்படையிலேயே சந்தேகப்படுகிறது.

விதி அப்படி, நடப்பு வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997க்குப் பிறகு கும்பாபிஷேகம் 2020 பிப்ரவரியில்தான் நடந்தது. திருச்செந்தூரில் 2009க்கு அடுத்தது 2025 ஜூலையில். சத்தம் கேட்ட பிறகும் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பது கார் வைத்திருப்பவர்களின் தனிச்சொத்து இல்லை.

மற்ற மரபுகள் இதே கணக்கை வேறு விதமாகப் போட்டிருக்கின்றன. பூரி ஜகந்நாதர் கோயிலில் ஒட்டுப்பொருள் மட்டும் அல்ல, திருமேனியே மாறும். ஆஷாட மாதம் இரட்டிக்கும் ஆண்டுகளில், முறைப்படி தேடிக் கண்டுபிடித்த வேப்பமரத்தில் புதிய உருவங்கள் செதுக்கப்படும். 1996இல் நடந்தது, அதன் பிறகு 2015இல் நடந்தது. பழைய உருவத்துக்குள் இருக்கும் 'பிரம்ம பதார்த்தம்' நள்ளிரவில் புதிய உருவத்துக்கு மாற்றப்படும். அதைச் செய்யும் தைத்தாபதிகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு செய்வார்கள். அங்கே உடல் போகும், உள்ளிருப்பது நிற்கும். ஜப்பானின் இசே கோயிலில் கட்டடம் முழுவதும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாக எழும்பும். 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வழக்கம் அது. போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் விட்டுப்போய் மறுபடி தொடர்ந்தது. 62ஆவது முறை 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல். பழைய தூண்கள் வீணாவதில்லை. உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாயிலாக நின்று இன்னொரு பணியைத் தொடர்கின்றன. தச்சர்களின் கைத்திறனும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை இப்படித்தான் புதுப்பிக்கப்படுகிறது.

எது போகலாம், எது போகக் கூடாது என்பதில் மூன்று கோயில்களும் மூன்று கோடு கிழிக்கின்றன. ஆனால் கோடு என்று ஒன்று உண்டு என்பதில் மூன்றும் ஒத்துப்போகின்றன. இந்த இடத்தில் பௌத்தர் குறுக்கிடுவார்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாந்தரை பௌத்த நூல் மிலிந்தன் என்கிறது. அவன் நாகசேனர் என்ற துறவியிடம் வாதாட வந்தான். நீர் எதில் வந்தீர் என்று துறவி கேட்டார். தேரில் என்றான் மன்னன். ஏர்க்கால்தான் தேரா, அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார் துறவி. எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் தேர் எங்கே என்றார். பாகங்கள் கூடியிருப்பதற்கு நாம் வைத்த பெயர்தான் தேர்; ஆளும் அப்படியே என்பது அவர் முடிவு. புஷ்ஷை அவர் கையில் கொடுத்தால், ரப்பர் போகிறது, இரும்புக் குழல் நிற்கிறது என்று சொல்லும் மெக்கானிக்கை மறித்து, அந்தக் குழலிலும் துரு ஏறுவதைக் காட்டுவார். ரப்பருக்கு ஐந்தாறு ஆண்டு, எஃகுக்கு ஐம்பது ஆண்டு என்பதெல்லாம் வேகத்தில் இருக்கும் வித்தியாசம்தான் என்பார். நிலைத்த உள்குழல் என்று எதுவும் இல்லை.

சைவ சித்தாந்தி இதை ஒப்புக்கொள்ள மாட்டார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதி பௌத்தரின் நான்கு பிரிவுகளோடும் வழக்காடுகிறது. கணத்துக்குக் கணம் எல்லாம் அழிந்து பிறக்கிறது என்றால் வினை செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் என்றாகிவிடாதா என்பது சைவர் பௌத்தர்முன் வைக்கும் பழைய கேள்வி. உயிர் நிலையானது, அதற்குத் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும் மாயையிலிருந்து ஆக்கி இறைவன் தருகிறான் என்கிறது சித்தாந்தம். உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் உயிருக்கு எதற்கு? வினை கழிய வேண்டும், ஆணவ மலம் பக்குவப்பட வேண்டும். அதற்குத்தான். அந்தக் கணக்கில் உடல் தேய்வது படைப்பில் வந்த பிழை ஆகாது. தேய்வதற்காகவே அது தரப்பட்டது. ஒன்று தேய்ந்தால் அடுத்தது தரப்படும். முதுமையைத் தண்டனையாகவோ கெட்ட காலமாகவோ பார்க்கும் கண்ணுக்கு இது கொஞ்சம் அந்நியமான கோணம்.

சித்தாந்தத்தில் உயிருக்கு ஒரு விசேஷக் குணம் சொல்வார்கள்: எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். புது புஷ் மாட்டத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்து, புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே ஏற்றுவார்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதும். ஆர்மை மாட்டியதும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டால் வேலை கெட்டது. ரப்பருக்குச் சொந்தமாக ஓய்வு நிலை கிடையாது. முறுக்கும் நேரத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதையே தன் ஓய்வு என்று அது எடுத்துக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே முறுக்கிக்கொண்டு, நின்றாலும் ஓடினாலும் ஓயாத இழுப்பில் இருந்து சீக்கிரம் கிழியும். அதனால் தெரிந்த மெக்கானிக் போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டியின் எடையைச் சக்கரத்தின்மேல் இறக்கிய பிறகே கடைசி முறுக்குக் கொடுப்பார். பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்வார். சுமை இறங்கிய நிலையில் பூட்டப்பட்டதற்குச் சுமையே ஓய்வு. சுமையே இல்லாத நிலையில் பூட்டப்பட்டதற்குச் சாதாரண நாள்கூடச் சித்திரவதை.

தேயாத புஷ் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும். பாலியூரித்தேனில் செய்கிறார்கள், ரப்பரைவிடக் கடினம், எண்ணெயைத் தாங்கும், நெடுநாள் வரும். பந்தயக் கார்களில் ரப்பரையே எடுத்துவிட்டு இரும்புக் குண்டு மூட்டு போடுவதும் உண்டு. ஸ்டீயரிங் கத்திபோல் கூர்மையாகும். கூடவே சாலையின் ஒவ்வொரு கல்லும் இருக்கையில் தெரியும். பாலியூரித்தேன் மசகு காய்ந்தால் கிறீச்சிடும். கோயில் மரபிலும் அஷ்டபந்தனத்தைத் தவிர வெள்ளியாலும் பொன்னாலும் பந்தனம் செய்வது பேசப்படுகிறது. அவை கூடுதல் ஆண்டு நிற்கும் என்பார்கள். ஆனால் ஊர் ஊராக நிலைபெற்றது அரக்கும் மெழுகும் வெண்ணெயும்தான். கோயிலின் வரும்படியும் கையிருப்பும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நெடுநாள் திறக்காத இணைப்பை நெடுநாள் யாரும் பார்ப்பதும் இல்லை என்பது இன்னொன்று.

இதுவரை எல்லாம் சரிதான். ஆனால் 'மற்றவை நீடிக்க ஒன்று தேயட்டும்' என்ற இந்தக் கருத்தைப் பொருள்களிலிருந்து எடுத்து மனிதர்மேல் வைத்தால் அது உடனே நாறத் தொடங்கும். பல சமூகங்கள் அப்படித்தான் வைத்தன. அதற்குச் சமயச் சாயமும் பூசின. ரப்பரின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும், அடுத்து மலாயாவுக்கும் போயின. மலாயாவின் பால்மரக் காடுகளில் விடியலுக்கு முன் எழுந்து பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறிய கூலிகள். உலகத்தின் கார்கள் அதிராமல் ஓடுவதற்கு அந்தப் பால் தேவைப்பட்டது.

1942இல் ஜப்பானியப் படை மலாயாவைப் பிடித்தது. தாய்லாந்தின் பான் போங்கையும் பர்மாவின் தன்பியூசயாட்டையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு ஆள் தேவைப்பட்டபோது, தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டிருந்தார்கள். அதே பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 7,000 பேருக்கு நெருக்கமானவர்கள் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில், பெரும்பாலும் பெயர் பொறித்த கல்லோடு இருக்கிறார்கள். தமிழ்க் கூலிகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. அவர்களைக் கொண்டுபோனவர்களின் கணக்கில் அவர்கள் மாற்றிக்கொள்ளும் உதிரிபாகங்கள். பூரியில் பழைய மர உருவங்களைக் கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் புதைத்த பின் தைத்தாபதிகள் சொந்தத்தில் ஒருவர் இறந்தது போலப் பத்து நாள் தீட்டுக் காத்து, தலை மழித்துக்கொள்கிறார்கள். தேய்ந்து முடிந்த மரத்துக்குக் கிடைத்த துக்கம் இந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

சித்தாந்தத்தை அதன் சொந்தக் கணக்கிலேயே படித்தால் இந்தப் பயன்பாட்டுக்கு அதில் இடமில்லை. தனு தரப்படுவது அந்தந்த உயிரின் பக்குவத்துக்காக. இன்னொருவரின் பயணம் சுகமாக இருக்க ஒருவரின் உடல் தேயலாம் என்று அது சொல்லவில்லை. பௌத்தர் எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வருவார். நிலைத்த உள்குழல் யாருக்குமே இல்லை என்றால், 'நான் நிற்கிறவன், நீ தேய்கிறவன்' என்று சொல்லும் உரிமையும் யாருக்கும் இல்லை.

ஆனால் அருணந்தி தரப்பின் கேள்வி அப்படியே நிற்கிறது. செய்தவரும் இல்லை, பட்டவரும் இல்லை, எல்லாம் மாறிவிட்டது என்றால் ரயில் பாதைக் கடனை யார் யாருக்குத் தீர்ப்பது? நாகசேனரிடம் இதற்கும் ஒரு கதை இருக்கிறது. மாம்பழம் திருடியவன் ஒருவன், தோட்டக்காரர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு மாம்பழம், ஆகவே நான் அவர் பொருளைத் திருடவில்லை என்று வாதாடுகிறான். அரசன் அவனைத் தண்டிப்பானா மாட்டானா என்று கேட்கிறார் துறவி. தண்டிப்பான் என்கிறான் மிலிந்தன். பறித்த பழம் நட்ட கொட்டையைச் சார்ந்து வந்தது. பாகங்கள் எல்லாம் மாறிப்போனாலும் சார்பு அறுவதில்லை என்பது அந்தத் தீர்ப்பு. பால்மரத் தோட்டங்களின்மேல் எழும்பிய நிறுவனங்களும் அரசுகளும் இன்று பெயர் மாறி, உரிமையாளர் மாறி, நாடே மாறி நிற்கின்றன. சேஸிஸ் எண்ணைத் தேடும் வழக்கறிஞர் அவற்றில் பழையது எதுவும் இல்லை என்று வாதிடலாம். நாகசேனரின் மன்றத்தில் அந்த வாதம் எடுபடாது.